பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை: உழைப்போருக்கான வருமானப் பாதுகாப்பு

உழைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு வருமானம் நின்றுபோகும் தருணங்கள் பெரும்பாலும் மூன்று: உடம்பு முடியாமல் போவது, பிள்ளை பெறுவது, வேலை பறிபோவது. வாடகையும் மளிகைக் கணக்கும் பள்ளிக் கட்டணமும் அந்த நாள்களில் நிற்பதில்லை. சேமிப்பு இல்லாத வீட்டில் முதலில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்து மகளிர் குழுக் கடன், அதற்கும் அடுத்து வட்டிக்காரர். மூன்று மாத நோய் மூன்று ஆண்டுக் கடனாக நீள்வது இப்படித்தான்.

சம்பளம் நிற்கும் இந்த இடைக்காலத்தைத் தாண்ட அரசு எவ்வளவு கைகொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தியாவில் இதற்குச் சட்டங்கள் உண்டு. சில மிக நல்ல சட்டங்கள். ஆனால் அவை வேலையோடு கட்டப்பட்டவை. நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை உரிமை இருக்கிறது. பெயர் நீங்கினால், அல்லது முதலிலிருந்தே பெயர் ஏறாவிட்டால், உரிமையும் இல்லை. வேலை நிலையற்றுப்போகும் நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. நம் ஏற்பாடு அந்த நேரத்தில்தான் கைவிடுகிறது. தமிழ்நாட்டு அனுபவத்தை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

வேர்கள்

வருமானம் தடைப்படும்போது ஈடுகட்டுவது அரசின் கடமை என்ற எண்ணம் தொழிற்சாலை யுகத்தில் பிறந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் நோய்க் காப்பீட்டையும் 1884-இல் விபத்துக் காப்பீட்டையும் சட்டமாக்கினார். தொழிலாளியும் முதலாளியும் ஒரு பொது நிதியில் பங்கு செலுத்துவார்கள். நோயுற்றவருக்கு அந்த நிதி பணம் தரும். பிரிட்டன் 1911-இல் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் நோயோடு வேலையின்மையையும் சேர்த்துக்கொண்டது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது.

இந்தியாவில் இந்த விவாதம் பிள்ளைப்பேற்றிலிருந்து தொடங்கியது எனலாம். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்றுப் பயன் மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அந்தச் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும். அரசு ஏற்காதவரை, பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1929-இல் பம்பாயிலும் 1934-இல் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் நிறைவேறின. அவற்றில் பணம் தர வேண்டியவர் முதலாளி. அம்பேத்கர் சொன்ன அரசின் பெரும்பங்கு அவற்றில் இடம்பெறவில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

நோய்க்கான காப்பீட்டுத் திட்டத்தை வகுக்க 1943-இல் பேராசிரியர் பி.பி. அதார்கர் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய அறிக்கையிலிருந்தே 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் ஏற்பாடு, உருவானது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் 1955-இல், பஞ்சாலைகளின் நகரமான கோயம்புத்தூரில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது.

நோயுற்ற நாள்கள்

மூன்று இடர்களில் நோய்க்கே நம்மிடம் ஓரளவு முழுமையான ஏற்பாடு இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மாதம் 18,000 ரூபாய் வாங்கும் தையல் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை முதல் நடப்பில் உள்ள விகிதப்படி அவர் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 135 ரூபாய், பிடிக்கப்படுகிறது. நிர்வாகம் 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய், செலுத்துகிறது. ஆக மாதம் 720 ரூபாய் பொது நிதிக்குப் போகிறது. அவரும் குடும்பமும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்தால் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை ரொக்கமாகக் கிடைக்கும். நாள் ஊதியம் 600 என்றால் நாளுக்கு 420 ரூபாய். 91 நாளுக்கு 38,220 ரூபாய். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். வேலையில் அடிபட்டால் 90 விழுக்காடு.

மாதம் 135 ரூபாய் கட்டும் ஒருவருக்கு இவ்வளவு பாதுகாப்பு எந்தத் தனியார் காப்பீட்டிலும் கிடைக்காது. ஆரோக்கியமானவரின் பங்கு நோயுற்றவருக்கும், அதிகம் சம்பாதிப்பவரின் பங்கு குறைவாகச் சம்பாதிப்பவருக்கும் உதவுகிறது. சமூகக் காப்பீட்டின் அறம் இதுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் வாசல்கள் குறுகலானவை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. நோய்க்கால ரொக்கம் பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்கு செலுத்தியிருக்க வேண்டும். அந்தப் பங்களிப்புக்கான பயன்காலம் சில மாதம் தள்ளித்தான் தொடங்குகிறது. முதன்முறையாகச் சேர்ந்தவருக்கு மருத்துவம் உடனே உண்டு. ரொக்கத்துக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஆர்டர் இருக்கும்போது ஒரு யூனிட்டிலும் இல்லாதபோது இன்னொன்றிலும் பீஸ் ரேட்டில் தைக்கும் ஒருவருக்கு இந்த 78 நாள் கணக்கு எளிதில் நிறைவதில்லை. ஒப்பந்தக்காரர் பங்கைச் செலுத்தாவிட்டால் முதன்மை நிறுவனமே அதற்குப் பொறுப்பு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பெயரே ஏறாத தொழிலாளி அந்தப் பொறுப்பை எந்தத் தாளைக் காட்டிக் கேட்பார்?

மேல்பக்கமும் ஒரு சுவர் இருக்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு இது. அதன்பின் விலைவாசியும் கூலியும் உயர்ந்துள்ளன. சில நூறு ரூபாய் சம்பள உயர்வு ஒருவரைக் காப்பீட்டிலிருந்து வெளியேற்றிவிடும் நிலையில், உயர்வே நட்டமாகிறது.

மூன்று தாய்மார்கள்

மகப்பேற்றில் ஏற்றத்தாழ்வு இன்னும் வெளிப்படையானது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில் குழந்தை பெறும் மூன்று பெண்களை நினைத்துப் பார்க்கலாம்.

முதல் பெண் தமிழ்நாட்டு அரசு ஊழியர். 2021 ஜூலை முதல் அவருக்கு ஓராண்டு முழு ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. இரண்டாம் பெண் ஒரு கம்பெனியில் மாதம் 20,000 ரூபாய்க்கு வேலை செய்பவர். இ.எஸ்.ஐ. அவருக்கு 26 வாரம் முழு ஊதியம் தருகிறது; ஏறக்குறைய 1,20,000 ரூபாய். மூன்றாம் பெண் நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறவர். அவருக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்.

இந்தத் திட்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. எந்த முதலாளியின் கையெழுத்தும் கேட்காமல், கூலிப் பெண்ணுக்கும் பிரசவ கால வருமானம் வேண்டும் என்று 1987-இலேயே ஒரு மாநில அரசு முன்வந்தது பெரிய விஷயம். தொகை 2006-இல் 6,000, 2011-இல் 12,000, பின்னர் 18,000 என உயர்ந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று சொன்னதற்கு வெகுமுன்பே தமிழ்நாடு அந்தத் தொகையைத் தந்தது. ஆனாலும் 18,000 ரூபாயை 26 வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு நூறு ரூபாய்கூட வராது. இரண்டு பிரசவத்துக்கு மட்டுமே உதவி என்ற வரையறையும் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு எட்டாம் மாதம்வரை குனிந்து களை பறிப்பதையும், பச்சை உடம்போடு மீண்டும் வேலைக்குப் போவதையும் இந்தத் தொகையால் தடுக்க முடியாது.

நான்காவதாக ஒருவரும் உண்டு. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் தனியார் நிறுவனப் பெண். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, 12 வார விடுப்பு 26 வாரமாகியது. உலக அளவில் பாராட்டத்தக்க நீளம். ஆனால் அந்த 26 வார ஊதியத்தையும் அவருடைய நிறுவனமே தனியாகச் சுமக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் பொது நிதி தருவதால் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனி இழப்பு இல்லை. இங்கே முழுச் செலவும் பெண்ணை வேலைக்கு வைத்தவர் தலையில் விழுகிறது. கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் சிறு நிறுவனத்துக்கு அரசே ஒரு காரணத்தைக் கொடுத்ததுபோல் ஆகிறது. மகப்பேற்றுச் செலவை முதலாளி தனியாக ஏற்கும்படி விடக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்வதன் காரணம் இதுவே. அம்பேத்கர் 1928-இல் சொன்னதும் இதைத்தான்.

நீதிமன்றங்கள் உரிமையின் எல்லையை விரித்துள்ளன. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) பெண் தொழிலாளர் வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தீர்ப்பின் பயனைப் பெற ஒரு மஸ்டர் ரோலிலாவது பெயர் இருக்க வேண்டியிருக்கிறது.

வேலை போனால்

மூன்றில் மிகவும் கைவிடப்பட்ட இடம் வேலை இழப்பு. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள், ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு அவர் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தை இழப்பீடாக்கின. இதையும் நிறுவனமே தர வேண்டும். நொடித்து மூடப்படும் நிறுவனத்திடம் இழப்பீடு வாங்குவது எத்தனை கடினம் என்பதை மூடிய ஆலைகளின் தொழிலாளர்கள் அறிவார்கள்.

வேலை தேடும் காலத்துக்கு மாதாமாதம் வருமானம் என்ற ஏற்பாடு 2005-இல்தான் வந்தது. இ.எஸ்.ஐ.யின் கீழ் வந்த ராஜீவ் காந்தி திட்டம், ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பால் வேலை இழந்தவருக்கு ஊதியத்தில் பாதியை வழங்கியது. 2018-இல் அடல் காப்பீடு செய்தோர் நலத் திட்டம் வந்தது. அது தந்தது ஊதியத்தில் 25 விழுக்காடு, 90 நாள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. நாம் பார்த்த தையல் தொழிலாளிக்கு இது நாளுக்கு 150 ரூபாய், மொத்தம் 13,500. கொரோனா காலத்தில், 2020-இல், விகிதம் 50 விழுக்காடாக்கப்பட்டது. நிபந்தனைகள் தளர்ந்தன. நிர்வாகத்தின் வழியாக அல்லாமல் தொழிலாளி நேராக விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

இதை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு 102-ஆம் உடன்படிக்கையோடு வைத்துப் பார்க்கலாம். சமூகப் பாதுகாப்பின் ஒன்பது கிளைகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட அடிமட்ட அளவுகோல் அது. வேலையில்லாக் காலத்துக்கு முந்தைய ஊதியத்தில் குறைந்தது 45 விழுக்காடு என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் 2018 திட்டம் முதலில் வைத்த 25 விழுக்காடு, ஐம்பதுகளின் அடிமட்டத்துக்கும் கீழே.

அடல் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று தனியாகக் கவனிக்கத்தக்கது. தானே ராஜினாமா செய்தவருக்கு இந்த உதவி இல்லை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் நம் தொழிற்பேட்டைகளில் ஆள் குறைக்கும் வழி பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம்தான். கணக்கு முடிக்க வேண்டும் என்றால், பி.எஃப். பணம் எடுக்க வேண்டும் என்றால், கையெழுத்துப் போடு என்பார்கள். போட்ட பிறகு அவர் சட்டத்தின் கண்ணில் வேலையை இழந்தவர் அல்ல, விட்டவர்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் ஏராளமான பெண்கள், ஊர் திரும்பினார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் தொழிலாளருக்குக் கிடைத்ததைப் பெரும்பாலும் நிர்வாகத்தோடு நடந்த பேரமே தீர்மானித்தது. சங்கம் வலுவாக இருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அந்தப் பேரத்தில் இடமே இருக்காது. உரிமையாக வர வேண்டியது பேரமாக மாறும்போது, பலவீனமானவரே முதலில் வெளியே நிற்கிறார்.

2020 ஊரடங்கு இதை நாடு முழுமைக்கும் காட்டியது. பிரிட்டன் அரசு வேலை நின்ற ஊழியரின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, ஓர் உச்சவரம்புக்குள், தானே தந்தது. இந்தியாவில் மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம், முழு ஊதியத்தைத் தர வேண்டும் என்று முதலாளிகளுக்கு ஆணையிட்டது. அரசு நிதியிலிருந்து அதற்கு ஒரு பங்கும் வரவில்லை. மே மாதத்தில் ஆணை விலக்கப்பட்டது. தொழிலாளரும் முதலாளிகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் ஜூனில் கூறியது. வேலையும் கூலியும் அற்றவர்கள் அதற்குள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பதிவேட்டுக்கு வெளியே ஒரு வழி

இந்தியத் தொழிலாளர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் அமைப்புசாராத் தொழிலாளர்கள். கொத்தனார், சித்தாள், சுமைதூக்குபவர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் என இவர்களுக்கு நிலையான ஒரு முதலாளி இல்லை. முதலாளியே இல்லாதபோது காப்பீட்டுப் பங்கை யார் கட்டுவார் என்பதுதான் வழக்கமாக எழும் தடை.

அந்தத் தடைக்கு இந்தியத் தொழிலாளர் இயக்கமே பதில் கண்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1969 மாத்தாடிச் சட்டம் சுமைதூக்குவோருக்கு ஒரு வாரியம் அமைத்தது. எந்த வணிகரிடம் வேலை செய்தாலும் கூலியும் அதன் மேல் ஒரு தீர்வையும் வாரியத்தின் வழியாகவே வரும். அந்தத் தீர்வையிலிருந்து வருங்கால வைப்பு நிதியும் விடுப்பும் கிடைக்கும். முதலாளி நாள்தோறும் மாறலாம். தொழிலாளியின் கணக்கு மாறாது. தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1994-இல் அவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. பின்னர் வேறு பல தொழில்களுக்கும் வாரியங்கள் வந்தன. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல வரியாக வாரியத்துக்குப் போகிறது. தொழிலாளியின் அட்டை அவர் கையில் இருக்கிறது. அது எந்த மேஸ்திரியையும் சார்ந்ததில்லை. உணவு டெலிவரி போன்ற இணையவழிச் சேவைத் தொழிலாளருக்கும் 2023 டிசம்பரில் தமிழ்நாடு தனி வாரியம் அமைத்தது.

மீன்பிடித் தடைக்காலமும் நல்ல முன்னுதாரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருக அரசு விதித்த தடை என்பதால், குடும்பத்துக்கு அரசே நிவாரணம் தருகிறது; 5,000 ரூபாயாக இருந்த அதை 8,000 ரூபாயாக உயர்த்தியது. நாளுக்குக் கணக்கிட்டால் 131 ரூபாய்தான். எனினும் இதில் ஒரு கொள்கை இருக்கிறது: பொதுநலனுக்காக ஒருவரின் வருமானம் நிற்கும்போது பொதுப்பணம் அவருக்குக் கைகொடுக்க வேண்டும். முதலாளி யார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

ஆக, முதலாளியைச் சாராமல் தொழிலாளரைச் சென்றடையும் ஏற்பாடு நம்மிடம் உண்டு. அது தரும் பணம்தான் மெலிது. வாரியங்கள் தருவது கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து போன்றவற்றுக்கான ஒருமுறை உதவி. நோயுற்ற நாளுக்கு இவ்வளவு, வேலையற்ற வாரத்துக்கு இவ்வளவு என்று கூலியை ஈடுகட்டும் முறை அவற்றில் வேரூன்றவில்லை. ஒருபக்கம் இ.எஸ்.ஐ.: பணம் போதிய அளவு, வாசல் குறுகல். மறுபக்கம் வாரியங்கள்: வாசல் அகலம், பணம் சொற்பம். இரண்டையும் இணைக்கும் பாலம்தான் இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பாலத்தைக் கட்டியிருக்கலாம். இணையவழிச் சேவை நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலனுக்குச் செலுத்த அது வழிசெய்கிறது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் வேலையில்லாக் காலத்து வருமானத்தை எல்லாத் தொழிலாளருக்கும் அது உரிமையாக்கவில்லை. மகப்பேற்றுச் செலவில் தனி நிறுவனத்தின் சுமையும் நீங்கவில்லை.

செய்யக்கூடியவை

நான்கு மாற்றங்கள் அவசியம் என்று கருதுகிறேன். முதலாவது, இ.எஸ்.ஐ.யின் 21,000 வரம்பை உயர்த்தி, ஆண்டுதோறும் விலைவாசியோடு அதை நகர்த்துவது. வரம்பைத் தாண்டியவர் வெளியேறாமல், வரம்புத் தொகைக்கு மட்டும் பங்கு கட்டி உள்ளேயே நீடிக்கலாம். இரண்டாவது, எல்லாப் பெண்களுக்குமான மகப்பேற்று ஊதியத்தைப் பொது நிதியிலிருந்து தருவது. எல்லா நிறுவனங்களும், ஆண்களை மட்டும் வைத்திருப்பவை உட்பட, அதற்குப் பங்கு செலுத்த வேண்டும். கூலிப் பெண்ணுக்கு அரசு அந்தப் பங்கைச் செலுத்த வேண்டும். 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி அளவாவது கையில் வர வேண்டும்.

மூன்றாவது, வேலையின்மை உதவியை வாழ்நாளில் ஒருமுறை என்ற கட்டிலிருந்து விடுவித்து, 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் நிரந்தரமாக்குவது. ராஜினாமாக் கடிதம் ஒன்றை மட்டும் காட்டி மறுக்காமல், வேலை போன சூழலை விசாரித்து முடிவெடுப்பது. நான்காவது, நல வாரிய அட்டையையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் ஒன்றாக்குவது. கட்டுமானத்தில் 40 நாளும் கம்பெனியில் 40 நாளும் வேலை செய்தவருக்கு 80 நாள் கணக்கில் ஏற வேண்டும். அந்த 78 நாள் நிபந்தனை அப்போது அவருக்குச் சுவராக நிற்காது.

சும்மா இருந்தால் காசு வரும் என்றால் யார் வேலைக்குப் போவார்கள் என்ற கேள்வி எழும். பாதிச் சம்பளத்தில் மூன்று மாதம் என்பது யாரையும் சோம்பேறியாக்கும் தொகை அல்ல. கிடைத்த முதல் வேலையை, எவ்வளவு குறைந்த கூலிக்கானாலும், கைகட்டி ஏற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது ஒருவரைக் காக்கும். அந்தக் கட்டாயம் இருக்கும்வரை, வேலையில் இருப்பவரின் கூலியும் உயராது. செலவைப் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் செலவு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடகு வட்டியாக, பாதியில் நின்ற படிப்பாக, ஆறாத உடம்போடு திரும்பிய வேலையாக, அதை ஏழைக் குடும்பங்கள் தனியாகச் செலுத்துகின்றன. சமூகக் காப்பீடு அதைக் கணக்கில் கொண்டுவந்து எல்லோருக்குமாகப் பங்கிடுகிறது.

நோயும் பிரசவமும் வேலை இழப்பும் மனிதருக்கு வருபவை. நிறுவனங்களுக்கு வருபவை அல்ல. ஆகவே அவற்றுக்கான உரிமையும் மனிதரோடு இருக்க வேண்டும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போதும், இருவருக்கும் நடுவே வேலையற்று நிற்கும்போதும் அது உடன்வர வேண்டும். கோயம்புத்தூர் பஞ்சாலைத் தொழிலாளிக்கு 1955-இல் கிடைத்த பாதுகாப்பை வயலிலும் கட்டடத்திலும் உழைப்பவருக்கும் கொண்டுசேர்க்கத் தேவையான நிதி வழிகளும் வாரியங்களும் பதிவு எண்களும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இணைக்கும் சட்டத்தைத்தான் இனி நாம் கேட்டுப் பெற வேண்டும்.